மிதக்காத சாவு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நாகூர் பட்டினச்சேரி பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், 2023 மார்ச்ல அங்க கச்சா எண்ணெய் குழாய் கசிஞ்சு கரை மண்ணெல்லாம் கருப்பாச்சே, அது. அதுல போற போக்குல "பெரிய மீனு தப்பிச்சுக்கும், குஞ்சுதான் மாட்டும்"னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். அந்த ஒத்த வரிக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் பாத்தா இந்த தடவை வேற எதையும் எடுக்க முடியல. தோட்டக்கலை கேள்வி அனுப்புனவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா வரும்.

எங்க ஊர் பக்கம் எண்ணெய் படலம் வந்தப்ப கரையில ஒரு செத்த மீனு கூட ஒதுங்கல. பாக்க வந்தவங்களும் "மீனுக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லிட்டு போய்ட்டாங்க. அப்ப நாங்க பத்து நாளு தொழிலுக்கு போவாம கெடந்தது வீண்தானா?
*– ஃபைபர் போட் மீனவர், நாகப்பட்டினம்*

அண்ணே, செத்த மீனு ஒதுங்குச்சா இல்லையான்னு பாக்கறதுதான் இதுல மொத தப்பு. வளந்த மீனுக்கு மூக்கு இருக்கு, வாலு இருக்கு, தண்ணி சரியில்லன்னா அந்தாண்ட போயிடும். முட்டையும் குஞ்சும் எங்க போகும்? பாதி மீனோட முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், கடல்ல மேல் தண்ணியில மிதந்துகிட்டு நீரோட்டம் இழுக்கற பக்கம் போகும். எண்ணெயும் அதே மேல் தண்ணியில அதே நீரோட்டத்துல அதே பக்கம்தான் போகும். ரெண்டும் ஒரே பஸ்ல ஏறுன மாதிரி. அதுங்க செத்தா மிதக்கறதுக்கு ஒடம்புன்னு ஒண்ணு இருக்கணும்ல.

இத நான் எங்க பாத்தேன்னு சொல்றேன். எழுத வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷத்துக்கு மேல இறால் ஹேச்சரியில, அதாவது குஞ்சு பொரிக்க வைக்கற எடத்துல, வேலை பாத்தவன் நான். அங்க டேங்குக்கு காத்து குடுக்கற ப்ளோயர்ல எண்ணெய் ஏறவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுவாங்க. ஒரு ராத்திரி அதுல சீல் போயி காத்து பைப்பு வழியா எண்ணெய் எறங்கிடுச்சு, அஞ்சு டன் டேங்க், உள்ள ஜோயியாங்கற ஆரம்ப வளர்ச்சி ஸ்டேஜ்ல அஞ்சு லட்சம் இறால் குஞ்சு. நைட் டூட்டி நான்தான். விடிய மூணு மணிக்கு டார்ச் அடிச்சு பாக்கறேன், தண்ணி மேல மழை பேஞ்ச ரோட்டுல வண்டி நின்ன எடத்துல தெரியுமே அந்த மாதிரி வானவில் கலர். அவ்ளோதான், மொத்தமே ஒரு ஸ்பூன் கூட இருக்காது. ஜோயியா நல்லா தின்னுச்சுன்னா பின்னாடி நூலு மாதிரி மலம் தொங்கும், அத பாத்துதான் குஞ்சு நல்லாருக்கான்னு சொல்லுவோம். பீக்கர்ல மொண்டு டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சேன், ஒண்ணுக்கு கூட நூலு இல்ல. நீந்துது, ஆனா ஒரே எடத்துல சுத்திகிட்டு. மைக்ராஸ்கோப்ல வச்சா காலு மயிருல துளி துளியா ஒட்டியிருக்கு, அந்த மயிருலதான் அது நீந்தணும், அதுலதான் தீனியையும் அள்ளணும். மதியத்துக்குள்ள மொத்தமும் அடியில எறங்கிடுச்சு. வடிகட்டி பாத்தா அழுக்கு மாதிரி ஒரு படிவு, கையில அள்ளுனா ஒரு புடி கூட இல்ல.

அஞ்சு லட்சம் சாவு, ஒரு புடி அழுக்கு. கடல்ல இதே நடந்தா அந்த ஒரு புடியையும் வேற எதாச்சும் தின்னுட்டு போயிடும், கரைக்கு வர்றதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க. நீங்க பத்து நாளு கெடந்தது வீணான்னு கேட்டீங்க, அது வீணில்ல, ஆனா அந்த பத்து நாளு நட்டம் மட்டும்தான் நட்டம்னு நெனச்சுடாதீங்க. மிச்சம் அப்புறமா வரும், வலையில ஏறாத மீனா.

மீன் முட்டைக்கு ஓடு இருக்கும்ல, அப்புறம் எப்படி எண்ணெய் உள்ள போகும்? பயாலஜி மிஸ்கிட்ட கேட்டேன், அவங்க உங்களுக்கு எழுத சொன்னாங்க.
*– பதினோராம் வகுப்பு மாணவி, தரங்கம்பாடி*

மிஸ் தப்பிச்சுட்டாங்க, சரி. பாப்பா, மீன் முட்டையில இருக்கறது கோழி முட்டை ஓடு மாதிரி கெட்டி இல்ல, மெல்லிசா ஒரு தோலு. இதுல வேடிக்கை என்னன்னா நெறைய மீனோட முட்டைக்குள்ளயே ஒரு குட்டி எண்ணெய் துளி இருக்கும், லென்ஸ் வச்சு பாத்தா கண்ணாடி குண்டுக்குள்ள இன்னொரு குண்டு மாதிரி தெரியும். அது மீனோட சொந்த கொழுப்பு, மிதக்கறதுக்கும் குஞ்சோட சாப்பாட்டுக்கும். இந்த கொழுப்புதான் வம்பே. கச்சா எண்ணெயில பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்னு ஒரு கூட்டம் இருக்கு, பேரு பெருசு, பிஏஎச்னு வச்சுக்கோ. அதுக்கு தண்ணி புடிக்காது, கொழுப்பு புடிக்கும். தண்ணியில கொஞ்சமா கரைஞ்சிருந்தாலும் தேடிப்போயி முட்டைக்குள்ள இருக்கற கொழுப்புல சேந்துக்கும்.

உள்ள போனா மொதல்ல அடிக்கறது இதயத்த. 2010 ஏப்ரல்ல மெக்சிகோ வளைகுடாவுல டீப்வாட்டர் ஹொரைசன்னு ஒரு எண்ணெய் தோண்டுற மேடை வெடிச்சு 11 பேர் செத்தாங்க, கெணத்த அடைக்க 87 நாளாச்சு. அந்த கடல்லதான் நீலத்துடுப்பு சூரை முட்டை போட வரும், அதுவும் அதே சீசன்ல. அப்புறமா ஆராய்ச்சி பண்ணவங்க சூரை மீனோட இதய செல்ல எடுத்து கச்சா எண்ணெய் கலந்த தண்ணிய காட்டி பாத்தாங்க, துடிப்ப நடத்தற பொட்டாசியம், கால்சியம் ஓட்டமெல்லாம் தடுமாறுது. சின்ன கருவுல இதயம் தடுமாறுனா அத சுத்தி தண்ணி கோத்துக்கும், ரத்தம் ஒழுங்கா போவாது, தாடை கோணலாகும், கண்ணு சின்னதாகும், முதுகு வளையும். நம்ம கடல் சூடான கடல், மத்தி முட்டையெல்லாம் ஒரு நாளைக்குள்ள பொரிஞ்சுடும், அப்ப ஒரு நாளு எண்ணெய் மேல நின்னாலே ஒரு முட்டையோட மொத்த காலமும் அதுலயே போயிடுதுன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, இது நம்ம ஊரு வெயிலுக்கு பொருந்தும். சில பிஏஎச் சும்மா இருக்கும்போது ஒரு மடங்கு விஷம்னா புற ஊதா கதிர் பட்டா பல மடங்கு. பெரிய மீனுக்கு தோலு, செதிலு, நெறம் எல்லாம் இருக்கு. குஞ்சு கண்ணாடி மாதிரி, வெயில் இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வந்துடும். ஒடம்புக்குள்ள இருக்கற விஷம் வெயில்ல வேகும்.

எவ்ளோ இருந்தா ஆபத்துன்னும் கேட்டிருக்க. 1989 மார்ச் 24 அலாஸ்காவுல எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில மோதி சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கொட்டுச்சு. அதுக்கப்புறம் அங்க பிங்க் சால்மன் முட்டைய வச்சு பல வருஷம் சோதனை பண்ணாங்க, நூறு கோடியில சில பங்கு பிஏஎச் இருந்தாலே போதும், கெடுதல் வருது. வீட்டு மாடியில ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கும்ல, அதுல அஞ்சு பத்து மில்லிகிராம் கலந்த மாதிரி. அந்த சோதனையில எனக்கு தூக்கம் போன எடம் எதுன்னா, பாக்க நல்லாருந்த குஞ்சுங்களுக்கு அடையாளம் போட்டு கடல்ல விட்டாங்க, முட்டையில எண்ணெய் பட்ட கூட்டத்துலேர்ந்து திரும்பி வந்தது கொறைச்சல். வெளியில ஒரு குறையும் தெரியாத குஞ்சு, ஆனா நீந்தறதுக்கு தெம்பு இல்ல, எங்கயோ மாட்டிக்குச்சு.

முத்துப்பேட்டை லகூன்ல கையால தடவி இறால் புடிக்கறவங்க நாங்க. கடல்ல கசியற எண்ணெய் அலையாத்தி காட்டுக்குள்ள வருமா? வந்தா எவ்ளோ நாளு இருக்கும்?
*– வாசகர், ஜாம்புவானோடை*

வரும்ங்க. பாமணி, கோரையாறு, கிளைதாங்கின்னு காவிரியோட கடைசி கையெல்லாம் வந்து கொட்டற எடம் உங்க லகூன், ஏத்தத்துல கடல் தண்ணி உள்ள வரும், வத்தத்துல வெளிய போகும். எண்ணெய் ஏத்தத்தோட உள்ள வந்துச்சுன்னா வத்தத்துல முழுசா திரும்பி போகாது, சேறு புடிச்சு வச்சுக்கும்.

இறால் கதை உங்களுக்கு நான் சொல்லணுமா, தாய் இறால் கடல்ல முட்டை போடும், குஞ்சு மெதந்துகிட்டே நாப்ளியஸ், ஜோயியா, மைசிஸ்னு தோலு மாத்தி மாத்தி ரெண்டு மூணு வாரத்துல முகத்துவாரம் வழியா உங்ககிட்ட வந்துடும். அலையாத்தி வேருக்கு நடுவுல ஒளிஞ்சு தின்னு வளந்துட்டு திரும்ப கடலுக்கு போகும். மடவை, கொடுவா குஞ்சும் இப்படித்தான் உள்ள வரும். அதனால ஒரே குஞ்சு ரெண்டு எடத்துல மாட்டுது, கடல்லயும் ஒரு தடவை, தொட்டில்லயும் ஒரு தடவை.

அலையாத்தி மரம் சேத்துலேர்ந்து பென்சில் மாதிரி மேல நீட்டிகிட்டு வேர் விட்டிருக்கும்ல, அந்த மூச்சு வேர்ல பொடி பொடியா தொளை இருக்கு, அது வழியாதான் கீழ இருக்கற வேருக்கு காத்து போகுது. எண்ணெய் அதுல பூசிடுச்சுன்னா மரம் மூச்சு முட்டி எல கொட்டும். மரம் போச்சுன்னா நெழலு போச்சு, ஒளியற எடம் போச்சு, சேறும் கரையும். 1986ல பனாமாவுல ஒரு சுத்திகரிப்பு ஆலையோட டேங்க் ஒடஞ்சு அலையாத்தி காட்டுக்குள்ள எண்ணெய் பூந்துச்சு, அஞ்சு வருஷம் கழிச்சும் சேத்துலேர்ந்து எண்ணெய் கசிஞ்சுகிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு மழைக்கும் ஒரு புது கசிவு மாதிரி.

அதவிட பழைய கதை ஒண்ணு. 1969ல அமெரிக்காவுல மசாசூசெட்ஸ் பக்கம் எண்ணெய் ஏத்திட்டு போன ஒரு பார்ஜ், தட்டையான சரக்கு படகு, தரை தட்டி சுமார் 7 லட்சம் லிட்டர் டீசல் மாதிரி எண்ணெய் சதுப்புல பரவுச்சு. நம்ம சேத்து மேட்டுல ஒரு கை மட்டும் பெருசா வச்சுகிட்டு வா வான்னு கூப்புடற மாதிரி ஆட்டுமே ஒரு நண்டு, அந்த சாதி நண்டு அங்கயும் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு போயி பாத்தா, எண்ணெய் தங்கியிருந்த எடத்துல நண்டு வளைய நேரா ஆழமா தோண்டல, எண்ணெய் இருக்கற ஆழம் வந்ததும் பக்கவாட்டுல திரும்பிடுது. ஆளு வந்தா ஓடறதும் மெதுவு. கொட்டுனப்ப பொறக்காத நண்டுங்க அதெல்லாம்.

உங்க காடு, லகூன், சேத்துத் திடல் எல்லாம் சேத்து சுமார் 12,000 ஹெக்டேர். உள்ள பூந்த எண்ணெய எடுக்கறதுக்கு ஆள எறக்குனா மிதிச்சே பாதி கன்னு செத்துடும், எண்ணெயும் இன்னும் ஆழமா அமுங்கும். அதனால உள்ள வரவிடாம வாய்லயே மிதவை தடுப்பு போடறதுதான் ஒரே வழி, அதுவும் ஏத்தம் வர்றதுக்கு முன்னாடி.

வேதாரண்யம் கடற்கரையில நடந்தா சில நேரம் காலுல தார் மாதிரி ஒட்டுது. இதுவும் கசிவா?
*– வாசகி, கோடியக்காடு*

தார் உருண்டை அக்கா அது. தூரத்துல எங்கயோ கப்பல் டேங்க் கழுவுனதோ பழைய கசிவோ, அலையில உருண்டு வெயில்ல காஞ்சு வருது. தேங்கா எண்ணெய் தேச்சா போயிடும், மண்ணெண்ணெய் போட்டு தோல புண்ணாக்கிக்காதீங்க. வீரியமான பகுதி நெறைய ஆவியாயிட்டதால மீன் குஞ்சுக்கு புது எண்ணெய் அளவுக்கு இது ஆபத்தில்ல. ஆனா உங்க பக்கம் பங்குனி ஆமை முட்டை போடுது. குட்டி ஆமைக்கு கடல்ல மெதக்கற எதுவும் சாப்பாடுதான், பாசியா தார் உருண்டையான்னு பாக்காது, வாயில ஒட்டிகிட்டா அப்புறம் தின்னவே முடியாது. அதனால காலுல ஒட்டுனா திட்டிட்டு போகாம ஒரு பையில பொறுக்கி எடுத்துட்டு வந்தீங்கன்னா புண்ணியம்.

எண்ணெய் மேல சோப்பு மாதிரி ஏதோ மருந்து தெளிச்சா கரைஞ்சு போயிடுமாமே, அத ஏன் ஒடனே செய்ய மாட்டேங்கறாங்க? சும்மா வாளிய வச்சு அள்றாங்க.
*– வாசகர், பூம்புகார்*

வாளி சமாச்சாரம் எண்ணூர்ல பாத்துட்டு கேக்கறீங்கன்னு நெனக்கறேன். 2017 ஜனவரி 28 அன்னிக்கு ரெண்டு கப்பல் மோதிகிட்டு, கரையில ஒதுங்குன கெட்டி எண்ணெய ஆளுங்க வாளியிலதான் அள்ளுனாங்க, நாடே சிரிச்சுச்சு. எனக்கு என்னமோ சிரிப்பு வரல. கரைக்கு வந்துட்ட கெட்டி எண்ணெய்க்கு வாளியும் கையும் மோசமான கருவி இல்ல, கையுறையும் பூட்ஸும் இல்லாம ஏழைய எறக்கி விட்டதுதான் கொடுமை.

மருந்துக்கு வருவோம். அது எண்ணெய அழிக்காது, பொடிப்பொடி துளியா ஒடச்சு தண்ணிக்குள்ள கலக்கும், அவ்ளோதான். மேல இருந்தா பறவைக்கும் ஆமைக்கும் கேடு, கலந்துட்டா கீழ இருக்கற முட்டைக்கும் குஞ்சுக்கும் கேடு. ஆழமான கடல்ல தண்ணி நெறைய இருக்கு, நீத்துப் போகும், பறவைக்காட்டையோ ஆமை கரையையோ காப்பாத்த அது சரியான முடிவா கூட இருக்கலாம். நம்ம பாக் நீரிணை பக்கம் இடுப்பளவு தண்ணியில, கடல்புல்லு மேல, அலையாத்தி வாசல்ல தெளிச்சீங்கன்னா குஞ்சுக்கு கஷாயம் வச்சு குடுத்த மாதிரி. தஞ்சாவூர் கரையில மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எல்லாம் அப்படிப்பட்ட எடம்தான், 2022ல கடல்பசுக்காக 448 சதுர கிலோமீட்டர காப்பகமா அறிவிச்சது அது மேயற அந்த புல்லுக்காகத்தான்.

1967ல இங்கிலாந்து கரையில டோரி கேன்யன்னு ஒரு டேங்கர் ஒடஞ்சு ஒரு லட்சம் டன்னுக்கு மேல எண்ணெய் கொட்டுச்சு, பயந்துபோயி டிடர்ஜென்ட்ட ஆயிரக்கணக்கான டன் ஊத்துனாங்க. எண்ணெயில தப்பிச்ச பாறை மட்டியெல்லாம் அதுல செத்துச்சு. மட்டி இல்லாததால பாறை பூரா பாசி புடிச்சுச்சு, பழைய நெலமைக்கு வர பத்து பதினஞ்சு வருஷம். மருந்து ஊத்தாம விட்ட பாறை ரெண்டு மூணு வருஷத்துல தானா சரியாச்சு. இப்ப இருக்கற மருந்து அந்த காலத்து டிடர்ஜென்ட் அளவுக்கு கொடூரம் இல்ல, ஆனா கொண்டுபோயி கலக்கற எண்ணெய் அதே எண்ணெய்தானே.

தயவுசெஞ்சு வீட்டு சோப்பு பவுடர கொண்டுபோயி யாரும் கொட்டாதீங்க. ஒரு எடத்துல கொட்டியிருக்காங்கன்னு ஒருத்தர் வீடியோ அனுப்பியிருக்கார்.

கசிவு ஆன சமயத்துல மார்க்கெட்ல மீன் வாங்கலாமா?
*– குடும்பத்தலைவி, கும்பகோணம்*

வாங்கலாம், முகர்ந்து பாருங்க, மண்ணெண்ணெய் வாடை அடிச்சா வேண்டாம். துடுப்புள்ள மீனு இந்த சரக்க ஈரல்ல ஒடச்சு வெளிய தள்ளிடும். மட்டி, ஆளி மாதிரி ஒரே எடத்துல உக்காந்து தண்ணிய வடிகட்டி தின்றது தள்ளாது, சேத்து வச்சுக்கும், அத மட்டும் கொஞ்ச மாசம் தவிர்த்துடுங்க. வஞ்சிரம் விலை எறங்குச்சுன்னா பேரம் பேசாம வாங்குங்க, விக்கறவங்க ஏற்கனவே அடிவாங்கியிருப்பாங்க.

எல்லாத்துக்கும் எண்ணெய் மேலயே பழி போடறீங்களே. இழுவை மடி, சுருக்குமடி, இறால் பண்ணை தண்ணி, கடல் சூடு இதெல்லாம் குஞ்ச அழிக்கலையா? மீன் குறையுதுன்னா எண்ணெயாலதான்னு எப்படி சொல்லுவீங்க?
*– ஓய்வுபெற்ற ஊழியர், மயிலாடுதுறை*

சொல்ல முடியாதுங்க ஐயா, நீங்க கேட்டதுதான் இந்த கடுதாசி கட்டுலயே நல்ல கேள்வி. அலாஸ்காவுல 1989ல எண்ணெய் கொட்டுச்சு, ஹெர்ரிங் மீனு 1993ல திடீர்னு விழுந்துச்சு. எண்ணெய்தான்னு ஒரு கட்சி, நோய்னு ஒரு கட்சி, தீனி பத்தலன்னு ஒரு கட்சி, இன்னும் சண்டை முடியல. அவ்ளோ பணமும் ஆளும் கொட்டுன எடத்துலயே இந்த கதி. குஞ்சு இன்னிக்கு சாகுது, அது வலையில ஏற வேண்டிய வருஷம் வேற, நடுவுல ஒரு புயல் வந்திருக்கும், டீசல் வெல ஏறியிருக்கும், யாரு போயி அந்த நூல புடிச்சு இழுக்கறது.

குஞ்சு வேற எதாலயும் சாகுதாங்கறீங்க, சாகுது. பொடி கண்ணு மடி அள்ற குஞ்சுக்கு கணக்கே இல்ல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு நாம வலைய மடிச்சு வச்சுட்டு ஒக்காந்திருக்கோமே, குஞ்சுக்காகத்தானே. அந்த 61 நாள்ல ஒரு குழாய் கசிஞ்சா மீனவன் பட்டினி கெடந்து சேத்து வச்சத யாரோ கொட்டி கவுத்த மாதிரி ஆகுதுல்ல? அதத்தான் நான் கேக்கறேன்.

நிரூபிக்கறதுக்கு ஒரே ஒரு வழி இருக்கு, அது கசிவுக்கு அப்புறம் செய்யறதில்ல, முன்னாடியே செய்யறது. நாப்பது ரூவா நோட்டு ஒண்ணு. தேதி, என்ன வலை, எத்தன பாகம் ஆழம், என்ன மீனு எத்தன பொட்டி, குஞ்சு எவ்ளோ கலந்து வந்துச்சு, காத்து வாடையா சோழகமா. தெனம் ரெண்டு வரி. நஷ்டஈடு கேட்டு போனா மொத கேள்வியே "முன்னாடி எவ்ளோ புடிச்சீங்க, ஆதாரம் இருக்கா"ங்கறதுதான். நம்மகிட்ட ஆதாரம் இல்லன்னா கடல்லயே மீனு இல்லாத மாதிரி பேசுவாங்க. கூட்டுறவு சங்கத்துல எடை சீட்டு குடுத்தா தூக்கி போடாதீங்க, அதையும் அந்த நோட்டுலயே ஒட்டி வையுங்க.

எண்ணெய் படலம் பாத்தா நாங்களே தண்ணி எடுத்து வைக்கலாமா? எதுல எடுக்கறது?
*– மீனவ இளைஞர், வானகிரி*

தாராளமா எடுங்க தம்பி, ஆனா மொதல்ல 1554க்கு போன் போடுங்க, கடலோர காவல்படை நம்பர், கடல்ல எண்ணெய் கசிவுக்கு பொறுப்பு அவங்கதான். எங்க, எவ்ளோ நீளம், எந்தப் பக்கம் நகருது, போன்ல ஜிபிஎஸ் ஆன் பண்ணி போட்டோ.

தண்ணிய வாட்டர் பாட்டில்ல எடுக்காதீங்க, பிளாஸ்டிக் எண்ணெய உறிஞ்சிக்கும், தன்னோட சரக்கையும் கலந்து விட்டுடும், லேப்ல தள்ளிடுவாங்க. கண்ணாடி பாட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கண்ணாடியா இருந்தா போதும், சோப்பு வாசனை போக கழுவி காயவச்சு, மூடிக்கு அடியில அலுமினியம் ஃபாயில் ஒரு சுத்து. எண்ணெய் இருக்கற எடத்துல ஒண்ணு, இல்லாத எடத்துல ஒண்ணு, ரெண்டும் வேணும். வெளியில தேதி, நேரம், எடம் எழுதி ஒட்டி, வெயில் படாம ஐஸ் பொட்டியில வச்சு கொண்டாங்க. மீன் ஐஸோட கலக்காதீங்க, அம்மா திட்டுவாங்க.